காலி நிலம்

மின்னல் ஒரு விமானத்தை எப்படித் தொடும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மூக்கில் தொடும். விமானம் நிற்காமல் போய்க்கொண்டிருப்பதால் உடல் நெடுகத் தொட்டுத் தொட்டு வந்து வால் பக்கம் இறங்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். அவ்வளவுதான். உலோகத் தோல் அதை வாங்கி வெளியே விட்டுவிடும். தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

தரையிறங்கிய பிறகு என் வேலை தொடங்கும். ஏணி, டார்ச், சிவப்பு மெழுகுப் பென்சில். மிளகு அளவுக்கு உருகிப்போன ஆணித் தலைகளைத் தேடி ஒவ்வொன்றையும் வட்டமிட வேண்டும். நுழைந்த இடமும் தெரிய வேண்டும், வெளியேறிய இடமும் தெரிய வேண்டும். இதற்கு ஏழு மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு முழு நாள். அதுவரை விமானம் கொட்டகையை விட்டு நகராது.

அந்த ஒரு நாளைத்தான் நிறுவனத்தால் பொறுக்க முடியவில்லை.

ஜூன் மாதம் தென்வான் நிறுவனம் எங்கள் திருச்சிக் கொட்டகையின் இரண்டு விமானங்களில் ஒரு கருவியைப் பொருத்தியது. ஆவணத்தில் அதன் பெயர் முன்னிறக்கி. மூக்குக்கு அடியில் ஒரு லேசர். புயல் மேகம் முன்னால் நின்றால் அதற்குள் ஒரு கதிரைச் செலுத்தும். கதிர் போன வழியில் மின்னல் முன்கூட்டியே இறங்கித் தீர்ந்துவிடும். விமானம் சுற்றிப் போகாமல், காத்திருக்காமல் நேராக உள்ளே போகலாம். தரையிறங்கியபின் என்னைப் போன்றவர்கள் ஏணி போட வேண்டாம். ஆறு மாதம் சோதனை. தேறினால் நாட்டிலுள்ள எல்லா விமானங்களுக்கும்.

கொட்டகையில் அதை சைரன் என்று சொன்னோம். அமைச்சர் வண்டிக்கு முன்னால் ஒரு ஜீப் கத்திக்கொண்டே போய் ரோட்டைக் காலி செய்யுமே, அதுபோல. பெயர் வைத்தவர் நசீமா அக்கா. மின்னணுப் பிரிவு. என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி ரெஜினா இறந்தாள்.

ரெஜினா என் மனைவி. கால்நடை மருத்துவர். புதுக்கோட்டைக்குத் தெற்கே செவ்வரைப்பட்டியில் வேலை. அன்று பிற்பகல் வறண்ட கண்மாய்க்குள் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கு ஆடுகளும் அவளும். இருபத்தொன்பது வயது. மின்னல் என்றார்கள். என் வேலை என்னவென்று தெரிந்தவர்கள் அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்கள்.

பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கொட்டகையிலும் இல்லை. சைரன் வந்த பிறகு அந்த இரண்டு விமானங்களிலும் மின்னல் கடித்த தடம் ஒன்றுகூட இல்லை. ஏணியில் ஏறிச் சுத்தமான தோலைத் தடவிப் பார்ப்பேன். 'தடயம் இல்லை' என்று எழுதுவேன். இறங்குவேன்.

*

அக்டோபர் முதல் வாரம் அவளுடைய ஸ்கூட்டரை எடுத்துவர செவ்வரைப்பட்டிக்குப் போனேன். வெள்ளையம்மா என்பவர் அதைத் தன் வீட்டருகே நிறுத்தி, உரச்சாக்கால் மூடி வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இறந்த ஆடுகளில் ஒன்பது அவருடையவை.

"கோழி ஏறுது சார், அதான் மூடி வச்சேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா உதைச்சு விட்டுருவேன். டாக்டரம்மா வண்டி நின்னு போகக்கூடாதுல்ல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்மாய்க்கரை வந்தோம். வயலில் பத்துப் பதினொரு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. வெள்ளையம்மா அதைப் பார்த்தார். பிறகு என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏய், மூணே முக்கா வருது. ஏறுங்கடி."

பெண்கள் அப்படியே போட்டுவிட்டு வரப்பேறி வந்தார்கள். யாரும் ஓடவில்லை. கரையோரம் இருந்த சின்னப் பாலத்துக்கு அடியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"நீங்களும் வாங்க சார். குனிஞ்சு வாங்க, மண்டையில இடிக்கும்."

"மூணே முக்கா பஸ்ஸா?"

"பஸ்ஸு எந்தக் காலத்துல நேரத்துக்கு வந்துச்சு," என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த ஒருத்தி. "பிளேனு."

எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலை வாசனை. முழங்கால்கள் முட்டிக்கொண்டன. பாலத்தின் வாய் வழியாக வயல் தெரிந்தது.

முதலில் ஒரு நூல். மேகத்திலிருந்து தரைவரை, ஊசியில் கோக்கிற நூல் அளவுக்கு, வெளுத்த பச்சையில். கண் இமைப்பதற்குள் அதே இடத்தில் மின்னல் இறங்கியது. காது அடைத்தது. வயலின் நடுவில் நின்ற ஒற்றைப் பனை புகைந்தது. அரை நிமிடம் கழித்து மேகத்துக்குள் விமானத்தின் இரைச்சல் எங்கள் தலைக்கு மேலே போயிற்று. கொழும்பிலிருந்து திருச்சி வரும் விமானம். காலையில் நான்தான் அதைத் தடவிப் பார்த்து அனுப்பியிருந்தேன்.

"போயிட்டாரு. வாங்கடி," என்றாள் அதே பெண். "மிச்சத்தைப் புடுங்குவோம்."

நான் எழவில்லை. வெள்ளையம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆனி மாசத்துலேருந்து. மேகம் இருந்தாத்தான். வெயில்னா சும்மா போயிருவாரு. மொத மாசம் கீழப்பக்கத்துல ஒரு ஆளு போனாரு. அப்புறம் முந்திரிக்காட்டுல ஒரு பொம்பள. அதுக்கப்புறம்தான் எங்களுக்கே புரிஞ்சுச்சு. நேரம் வச்சுக்கிட்டோம்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னோம். தாலுகா ஆபீசுல எழுதிக் குடுத்தோம். பிளேன் மின்னல் போடுதுன்னா எழுதியிருக்கீங்கன்னு வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன் சார். மேகமா இருக்கு, மூணே முக்கா போகட்டும், பெறகு ஊசி போடுவோம்னேன். அவங்க கேக்கல. எங்க வீட்டுக்காரரு அந்த பிளேனுலதான் வேலை பாக்குறாரு, அதெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னாங்க. நான் கரைக்கு ஏறுனேன். அவங்க ஏறல."

ஸ்கூட்டர் முதல் உதையிலேயே கிளம்பியது.

*

மறுநாள் நசீமா அக்காவின் மேசைக்குப் போனேன். சைரன் எப்போது எங்கே கதிர் செலுத்தியது என்ற பதிவு அவரிடம் இருக்கும்.

"எதுக்குடா உனக்கு?"

சொன்னேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத பாரு. மேகத்துக்கு உள்ளேயே மின்னல் தீர்ந்துரும்னுதான் நமக்குச் சொன்னாங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்படித் தீர்ந்தா நல்லதுதான். ஆனா பெரிய மேகம்னா உள்ளே தீராது. எங்கயாவது இறங்கணும். மின்சாரம் இறங்க வழி கேக்கும். நாம வழி குடுக்குறோம். கதிரை நீட்டுனா தரை வரைக்கும் வழி."

"நீட்டுறது யாரு?"

"யாரும் இல்ல. அதுவே பார்த்துக்கும். கீழே ஊர் இருந்தா நீட்டாது. திருச்சி மேல, புதுக்கோட்டை மேல, ஆஸ்பத்திரி மேல ஒரு தடவைகூட நீட்டல. காலி நிலமா இருந்தா நீட்டும்." திரையைத் திருப்பினார். "இதுவரை அறுபத்தொரு தடவை."

"காலி நிலம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா விசைப்பலகையை இழுத்தார். ஒரு வரைபடத்தைத் திறந்தார். கடற்கரையிலிருந்து திருச்சிவரை விமானப் பாதைக்குக் கீழே உள்ள நிலம், துண்டு துண்டாக. ஊர்கள் மஞ்சள். மற்றதெல்லாம் சாம்பல். அடியில் ஒரு வரி: தயாரித்தவர், பி. பிரிட்டோ.

நான்தான். மறந்தே போயிருந்தேன்.

மே மாதக் கடைசியில் அந்த வேலையைக் கொடுத்தார்கள். லேசர் கதிர் தரையில் நிற்பவர்கள் கண்ணில் படக்கூடாது, அதற்காக மக்கள் இருக்கும் பகுதிகளைக் குறிக்க வேண்டும் என்றார்கள். விதி எளிதாக இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரிந்தால் மஞ்சள். கூரை இல்லையென்றால் சாம்பல். கூரைகளை எண்ணுவதில் எனக்குச் சலிப்பே வரவில்லை. பொடிப்பொடியாகத் தேடுவதுதானே என் தொழில். மூன்று நாள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடித்தேன். ஒரு மாட்டுக் கொட்டகையைக்கூட விடவில்லை.

ரெஜினா ஈரக் கையோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன சாம்பல் கலரு?"

"ஆள் இல்லாத இடம்."

"அடப்பாவி. நான் நாள் பூரா அங்கதான்டா நிக்கிறேன்."

"கறுப்புக் கண்ணாடி வாங்கித் தர்றேன்," என்றேன்.

சிரித்தாள். வாங்கியும் கொடுத்தேன். அவளுடைய பொருள்களோடு அதையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்திருந்தார்கள்.

பகல் மூன்றே முக்காலுக்கு எங்கள் பக்கத்தில் கூரைக்கு அடியில் இருப்பது யார்? அதிகாரிகளும் நோயாளிகளும். எனக்கு அது தெரியும். நான் எண்ணியது கூரைகளை.

"செப்டம்பர் பதினெட்டு," என்றேன்.

"வேண்டாம்டா."

"காட்டுங்கக்கா."

மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். கண்மாயின் நடுவே ஒரு புள்ளி. சுற்றிலும் என் சாம்பல்.

*

சேதுராமன் சார் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். கெட்டவர் இல்லை. ரெஜினாவின் அடக்கத்துக்கு வந்து, வெயிலில் மூன்று மணி நேரம் நின்றவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பதிவை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது. புள்ளிகளை அவர் தேடவில்லை. நேரே கடைசிப் பக்கத்து மொத்தக் கணக்குக்குப் போய்விட்டார்.

"உட்காருப்பா. வருஷா வருஷம் மின்னல்ல எத்தனை பேர் சாகுறாங்க இந்த நாட்டுல. அதெல்லாம் நாமளா?"

"இந்த மூணு சாவும் நாமதான் சார்."

"நிரூபிக்க முடியுமா? மேகம் இருந்துச்சு. மின்னல் எப்படியும் எங்கயாவது விழுந்திருக்கும்."

"எப்படியும் விமானத்து மேல விழுந்திருக்கும். விமானம் தாங்கும் சார். பத்து வருஷமா நான் பார்க்கிறது அதைத்தான். அறுபத்தொரு தடவை வாங்கியிருந்தா அறுபத்தொரு நாள் கொட்டகையில நின்னிருக்கும். வேற ஒண்ணும் ஆகியிருக்காது."

"தாங்கும்னு உனக்குத் தெரியும். டிக்கெட் எடுக்குறவனுக்குத் தெரியுமா? ஒரு தடவை மின்னல் பட்டா ஒன்பது பேர் வீடியோ போடுறான். மின்னல் படாத விமானம் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எவன் மத்ததுல ஏறுவான்? என் பொண்ணு வாராவாரம் இதுலதான் போறா. எனக்கே நிம்மதியாத்தான் இருக்கு. மறைக்கல."

"கீழே நிக்கிறவங்களுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நவம்பர் பதினஞ்சு கடைசிச் சோதனை. ஆய்வு ஆணையத்துலேருந்து ஆள் வர்றாங்க. உன் கையெழுத்து இல்லாம அறிக்கை போகாது. நீ ரெண்டு வாரம் லீவு எடு. மனசு சரியாகட்டும்."

"வரைபடம் தப்பு சார்."

"உன் வரைபடம்தானே? உன் பொறுப்புல இருக்கு. தப்புன்னா திருத்து." குரல் கொஞ்சம் ஏறியது. "ஆனா சும்மா மஞ்சள் அடிச்சுக் குடுக்காதே. வீடு இருந்தா காட்டு."

"வீடு இல்ல. ஆள் இருக்காங்க."

"ஆள் இருந்தா பேர் போடு. ஒவ்வொரு துண்டுக்கும் பேர் போடு. போடுவியா? போ."

லீவுக் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

*

இரண்டு வாரம் ஐந்து வாரமானது. ரெஜினாவின் ஸ்கூட்டரில் போனேன். வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் 'மனிதர் இருப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மே மாதம் நான் அதைத் தொடவே இல்லை. இப்போது ஒவ்வொரு சாம்பல் துண்டிலும் இறங்கி நின்று, இங்கே யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

முதல் நாள் வெள்ளையம்மா கூட வந்தார். பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார். "இது எங்க துண்டு. எழுதுங்க. வெள்ளையம்மா, முப்பத்தோரு ஆடு. காலைல ஒம்பதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும்."

ஆடு கட்டத்தில் வராது என்றேன்.

"வராட்டி போகுது. நீங்க எழுதி வைங்க."

எழுதினேன்.

கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிற ஆறு பேர். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குகிறவர்கள், முறை வைத்து. நூறு நாள் வேலையில், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வெட்டுகிற முப்பத்தெட்டுப் பெண்கள். அத்தனை பேரும் அத்தனை பெயரையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சுடுகாட்டு வெட்டியான் சந்தனம், "எங்க இடத்துல உசுரோட இருக்குறது நான் ஒருத்தன்தான், பாத்துப் போடுங்க" என்றார். ஒரு பனந்தோப்பில் கல்லூரிப் பையன் ஒருவனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பேரு வேண்டாண்ணே. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மின்னலே தேவலை."

'இரண்டு பேர், செவ்வாய், வெள்ளி' என்று எழுதிக்கொண்டேன்.

நான் எதையும் உணர்ந்ததாக நினைவில்லை. சாப்பிட்டேன், எழுதினேன், தூங்கினேன். கடைசித் துண்டை முடித்தபோது நானூற்றுப் பதின்மூன்று பெயர்கள் இருந்தன. ஒரு பெயரும் இல்லாத துண்டு எங்கேயாவது இருக்கும், அதைச் சாம்பலாகவே விடலாம் என்று உண்மையாகவே தேடினேன். உப்பு பூத்த ஒரு தரிசு கிடைத்தது. அங்கேயும் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் சண்டை என்றார்.

நவம்பர் பதினான்காம் தேதி திருத்திய வரைபடத்தை நசீமா அக்காவிடம் கொடுத்தேன். விமானத்தில் ஏற்றுவது அவர் வேலை. திறந்து பார்த்தார். முழுக்க மஞ்சள்.

"இதை ஏத்தினா சைரன் வாயையே திறக்காதுடா."

"தெரியும்."

"நாளைக்கு மேலிடத்துலேருந்து வர்றவங்க எல்லாம் இதுலதான் உட்காருவாங்க."

"நானும்தான்."

அக்கா வயரை எடுத்தார். "பொறுப்பாளர் குடுத்த வரைபடம். ஏத்தச் சொல்லி விதி இருக்கு. நான் என்னத்தைக் கண்டேன்," என்று சொல்லிக்கொண்டே அதைச் செருகினார்.

*

மறுநாள் காலையில் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வந்த கேப்டன் இந்திராணியிடம் நானே சொன்னேன். அவரிடம் மறைத்துவிட்டு ஏற எனக்கு விருப்பமில்லை. பாதையையும் புள்ளிகளையும் காட்டினேன். மூன்று சாவுகளைச் சொன்னேன். மூன்றாவது யார் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"இன்னைக்கு அது வேலை செய்யாதுன்னு சொல்றீங்க."

"கீழே ஆள் இருந்தா வேலை செய்யாது மேடம். கீழே எல்லா இடத்துலயும் ஆள் இருக்காங்க."

"நான் பறக்க மாட்டேன்னு சொல்லலாம்."

"சொல்லலாம்."

அவர் மூக்கின் அடியில் இருந்த கருவியைக் குனிந்து பார்த்தார். "பதினெட்டு வருஷமா இது இல்லாமத்தான் ஓட்டினேன். முடிஞ்ச வரைக்கும் சுத்திப் போனேன். முடியாதப்ப வாங்கிக்கிட்டேன். ஏழு தடவை. ஏழு தடவையும் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்." நிமிர்ந்தார். "இருபது நிமிஷம் லேட்டாகும். உங்க சாரைக் கத்த வேண்டாம்னு சொல்லுங்க."

கொழும்பிலிருந்து திரும்பும்போது எழுபத்திரண்டு பயணிகள். முன்வரிசையில் சேதுராமன் சாரும் ஆய்வு ஆணையத்தின் அதிகாரி கோதண்டபாணியும். நான் ஒன்பதாவது வரிசையில். கடற்கரையைத் தாண்டியதும் மேகம் சுவர் போல நின்றது. விமானம் இடப்பக்கம் வளைந்தது. சேதுராமன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வளைந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

மூன்றாவது மேகத்தைச் சுற்ற இடமில்லை. உள்ளே போனோம்.

விமானம் இருண்டது. தூக்கிப் போட்டது. யாரோ பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். தலைக்கு மேலுள்ள பெட்டிகள் நறநறத்தன. ஜன்னலுக்கு வெளியே இறக்கை நுனியில் நீலமாக ஒன்று நடுங்கியது. சைரன் இருந்திருந்தால் இந்த இடத்தில் நூலை நீட்டியிருக்கும். கீழே என்ன துண்டு என்று எனக்குத் தெரியும். வரத்துக்கால். முப்பத்தெட்டுப் பெண்கள்.

வா, என்றேன். வாய்விட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து இருக்கை அம்மாள் என்னைப் பார்த்தார்.

வந்தது. எல்லாம் வெள்ளையானது. இரும்புக் கதவை உலக்கையால் அடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்குகள் ஒருமுறை இமைத்துவிட்டு எரிந்தன. இன்ஜின்கள் பாட்டுக்கு ஓடின. அழுகுரல் எழுந்து அடங்கியது. செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக என் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது.

"என்ன தம்பி ஆச்சு?" பக்கத்து அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"மின்னல்மா."

"எது மேல?"

"நம்ம மேல."

அவர் யோசித்தார். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. இன்னும் பதினாறு நிமிஷத்துல திருச்சி."

*

கொட்டகையில் ஏணி போட்டேன். மூக்கில் இரண்டு. அங்கிருந்து வால்வரை வரிசையாக இருபத்தாறு. வாலின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தல், அங்கே வெளியேறியிருந்தது. ஒவ்வொன்றாக வட்டமிட்டேன்.

கீழே சேதுராமன் சார் காத்திருந்தார். கோதண்டபாணி நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். தன் சட்டையில் சிந்திய காப்பியைத் துடைக்கக்கூட இல்லை. மேசையில் நசீமா அக்கா வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"எழுபத்திரண்டு பேர் உசுரோட விளையாடியிருக்கே," என்றார் சேதுராமன் சார்.

"நாளைக்கு மதியம் இது பறக்கும் சார். ஆணி மாத்தணும், வால்ல ஒரு ஒட்டு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"வரைபடத்தை மாத்தியிருக்கே."

"திருத்தியிருக்கேன். நீங்க சொன்னபடி. பேர் போட்டு."

"பழைய மாதிரி ஆக்கு. இப்பவே."

"ஆக்கலாம் சார். ஒவ்வொரு பேரா நீக்கணும். நீக்குற காரணத்தை எழுதி, நீக்கச் சொன்னவர் கையெழுத்துப் போடணும். படிவத்துல இருக்கு. மொத்தம் நானூற்றுப் பதின்மூணு. எந்தப் பேரை நீக்கணும்னு சொல்லுங்க."

அவர் கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க," என்றார் அவர். "நானும் கேட்கிறேன்."

சேதுராமன் சார் குனிந்து பட்டியலை நகர்த்தினார். விரல் வேகமாகப் போயிற்று. பிறகு மெதுவானது. பெயர்களை வாசிக்கிறார் என்று தெரிந்தது. வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு வேகமாகப் போக வராது. சந்தனத்தில் நின்றார். முப்பத்தோரு ஆடுகளில் நின்றார். கண்மாய்த் துண்டில் இருந்த இரண்டாவது பெயருக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது," என்றார். குரல் தணிந்திருந்தது. "பிரிட்டோ. இது சரியில்லப்பா. இவங்க இப்ப இல்லையே."

டாக்டர் ரெஜினா, புதன்கிழமைகள், ஊசி முகாம்.

முதல் நாளே எழுதியிருந்தேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நசீமா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேதுராமன் சார் சொன்னது சரி. அங்கே அவள் இல்லை. இல்லாத ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்காக நான் வாதாட முடியாது.

"ஆமா சார். அது தப்பு," என்றேன்.

விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். எப்படி என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. 'முன்னிறக்கி, செப்டம்பர் 18, 3.42' என்று எழுதினேன். பேனாவை எடுத்துத் திரையில் கையெழுத்தை நானே போட்டேன். வரி மறைந்தது. கண் மங்கியது. துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்காங்க," என்றேன். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். "அடுத்த பேர் சொல்லுங்க சார்."